முந்தானையில் முடிந்த மாத்திரைகள்: தொண்டையில் இறங்காதவர்களுக்கு எப்படி உதவுவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த் வீட்டில் ஆயாவின் (பாட்டியின்) புடவைகளை மெஷினில் போடுவதற்கு முன் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். சில்லறைக் காசு இருக்கும், சில நாள் ஏலக்காய் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரைகள் மூன்று இருந்தன. மேல்பூச்சு கரைந்து, ஓரமெல்லாம் மாவாகி, மறுபடி காய்ந்துபோனவை. வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்துவிட்டு, நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து முடிந்துவைத்திருக்கிறார்.

"எறங்கல கண்ணு, தொண்டையிலேயே நிக்குது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அதற்கு முந்தைய மாதம்தான், சர்க்கரை குறையவில்லை என்று சொல்லி இன்னொரு மாத்திரையைக் கூடுதலாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதிய மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். மருந்து வயிற்றுக்குள் போகிறது என்றுதான் அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். மாத்திரை விழுங்க முடியாதவர்கள் உள்ள பல வீடுகளில் நடப்பது இதுதான். அவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மருந்து போதவில்லை என்று முடிவாகிறது. விழுங்க முடியாதவருக்கு மேலும் ஒரு மாத்திரை வந்து சேர்கிறது.

இது அடமும் இல்லை, வயதானவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. மாத்திரையை விழுங்குவதென்பது வாய் காலமெல்லாம் பழகியதற்கு நேர் எதிரான வேலை. பல் முளைத்த நாளிலிருந்து, கெட்டியாக எது வந்தாலும் மென்று கூழாக்கிய பிறகே உள்ளே விடு என்று நாக்கைப் பழக்கியிருக்கிறோம். மீன் குழம்பில் ஒரு சின்ன முள்ளைக்கூட நாக்கு தேடிப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. அதே நாக்கிடம் மாத்திரையைக் கொடுத்து, மெல்லாமல் அப்படியே உள்ளே தள்ளு என்கிறோம். சிலருக்கு அது எளிதாக வருகிறது, சிலருக்கு வருவதில்லை.

விழுங்குவதில் முதல் பகுதிதான் நம் கையில் இருக்கிறது. நாக்கு உணவைப் பின்னால் தள்ளுவது வரை நாம் செய்வது, அதற்கப்புறம் எல்லாம் தானாக நடக்கும். மெல்லண்ணம் எழும்பி மூக்குப் பாதையை அடைக்கும். குரல்வளை மேலே ஏறி, அதன் மூடி மூச்சுக்குழாயின் வாயை மறைக்கும். மூச்சு ஒரு கணம் நிற்க, உணவுக்குழாயின் மேல்வாசல் திறக்கும். ஏறக்குறைய ஒரு நொடிக்குள் இத்தனையும் முடிந்துவிடும். பயந்துபோனால் தொண்டைத் தசைகள் இறுகி, இந்த ஒழுங்கு தொடங்கவே மறுக்கும். வாய் வறண்டிருந்தால் மாத்திரை நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை நோய், வயது, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகள், ஒவ்வாமைக்குப் போடும் சில மாத்திரைகள் எல்லாமே வாயை வறளச் செய்பவை. மாத்திரைக்கு முன் இரண்டு மடக்குத் தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

ஒன்றை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். சோறு, தண்ணீர், டீ எல்லாம் ஒழுங்காக இறங்கி, மாத்திரை மட்டும் மறுக்கிறதா? அல்லது சாப்பாட்டிலேயே சிக்கலா? தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் களகளக்கிறது, சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது, எடை குறைகிறது, நெஞ்சில் சளித்தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது வேறு விஷயம். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய், தொண்டையில் கட்டி என்று பல காரணங்கள் இருக்கலாம். அவர்களுக்கு நான் கீழே எழுதப்போகும் எந்த உத்தியையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி, விழுங்குதலைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். பேச்சுக்கு மட்டுமே அவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்குவதைச் சீராக்குவதும் அவர்கள் வேலைதான்.

அண்ணாந்து குடிக்கும் பழக்கம்

ஆயாவைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது ஒன்று புரிந்தது. மாத்திரையை நாக்கில் வைப்பார், தலையை நன்றாகப் பின்னால் சாய்ப்பார், செம்பை உயர்த்தி, உதடு படாமல் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். எச்சில் படக்கூடாது என்று சின்ன வயதில் கற்றுக்கொடுத்த பழக்கம். மரியாதையான பழக்கம், எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் மாத்திரைக்கு இதைவிடச் சிரமமான வழி கிடையாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது கழுத்து விறைக்கிறது, மூச்சுப்பாதையை மூடும் வேலை கடினமாகிறது. வாய் திறந்தே இருப்பதால் உறிஞ்சும் விசையும் இல்லை.

மாத்திரையும் கேப்சூலும் தண்ணீரில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மாத்திரை கனமானது, மூழ்கும். கேப்சூல் உள்ளே காற்றோடு இருப்பதால் மிதக்கும். அண்ணாந்தால் தண்ணீர் தொண்டைப் பக்கம் சேர, கேப்சூல் மிதந்து பல் பக்கம் வந்துவிடுகிறது. தண்ணீர் இறங்கிவிடுகிறது, கேப்சூல் வாயிலேயே நிற்கிறது. அப்புறம் "இறங்கவே மாட்டேங்குது" என்ற பயம் பிடித்துக்கொள்கிறது.

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 151 பேரைக் கொண்டு இரண்டு முறைகளைப் பார்த்திருக்கிறார்கள். கேப்சூலுக்கு முன்குனியும் முறை: கேப்சூலை நாக்கில் வைத்து, ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து விழுங்காமல் நிறுத்தி, தாடை மார்பை நோக்கி வரும்படி தலையைக் குனிந்து, குனிந்தபடியே விழுங்குவது. குனியும்போது கேப்சூல் மிதந்து தொண்டைப் பக்கம் போய்விடுகிறது. இந்த முறையில் கிட்டத்தட்ட 89 விழுக்காட்டுப் பேருக்கு விழுங்குவது எளிதானது.

மாத்திரைக்குப் பாட்டில் முறை. கையால் அமுக்கினால் நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ள வேண்டும். மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயைச் சுற்றி உதடுகளை இறுக்கி மூடி, காற்று உள்ளே போகாதபடி தண்ணீரை உறிஞ்சி, அந்த உறிஞ்சலோடு சேர்த்து விழுங்க வேண்டும். சரியாகச் செய்தால் பாட்டில் உள்வாங்கிச் சுருங்கும். இதில் ஏறக்குறைய 60 விழுக்காட்டுப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. இரண்டுமே காசு செலவில்லாதவை. இதை ஏன் மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

வாய் வைத்துக் குடிக்க ஆயா முதலில் சம்மதிக்கவில்லை. ஒரு பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, இது உங்களுக்கு மட்டும், வேறு யாரும் தொடமாட்டோம் என்று சொன்ன பிறகுதான் கையில் வாங்கினார். முதல் நாள் மாத்திரை இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே பழகினோம். இரண்டாம் நாள் ஒரு பருக்கைச் சோறு. மூன்றாம் நாள் மாத்திரை. அவசரப்படுத்தாமல் விட்டதுதான் பலித்தது என்று நினைக்கிறேன். வாய் நிறைய நாலைந்தை ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் நிறுத்தினோம். ஒவ்வொன்றாக, நேராக உட்கார்ந்து.

புரட்டாசியும் கேப்சூலும்

டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கறி, மீன் படாமல் இருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான கேப்சூல் கூடுகள் ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் மாடு அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. இது தெரிந்த சிலர் அந்த மாதம் கேப்சூலையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் கூட்டைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். "தொண்டையில் நிற்கிறது" என்று சொல்லும் சிலருக்கு உண்மையான காரணம் இதுவாகவும் இருக்கலாம். மெதுவாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திறந்து குடிப்பதில் ஆபத்து இருக்கிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கத் தரும் ஒமெப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்று அமிலத்தில் மருந்து அழிந்துபோகாமல் இருக்கவே ஒவ்வொன்றுக்கும் தனிப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்த உருண்டைகளைக் கடித்துவிட்டால் பூச்சு போய்விடும், மருந்து வீணாகும். பல தயாரிப்புகளில், ஆப்பிள் கூழ் ஒரு கரண்டியில் தூவி, மெல்லாமல் உடனே விழுங்க அனுமதி உண்டு. ஆனால் எல்லாத் தயாரிப்பும் ஒன்றில்லை. அதற்கு மாற்றாக, தாவரச் செல்லுலோஸில் செய்த கூடு உள்ளதா, அதே மருந்து மாத்திரையாக வருகிறதா என்று கெமிஸ்ட்டில் கேட்கலாம். விரதம் என்று சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. மருந்தை நிறுத்துவதைவிடச் சொல்லிக் கேட்பது எவ்வளவோ மேல்.

நசுக்குவது எல்லா மருந்துக்கும் ஆகாது

வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, தேனிலோ வாழைப்பழத்திலோ கலந்து கொடுப்பது. சில மாத்திரைகளுக்கு அது சரிதான். சிலவற்றுக்கு உயிருக்கே ஆபத்து.

பன்னிரண்டு மணி நேரமோ இருபத்துநான்கு மணி நேரமோ கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்த மாத்திரைகள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, வலிக்கு மார்ஃபின் எல்லாம் இந்த வகையிலும் வருகின்றன. நசுக்கினால் நாள் முழுக்க வரவேண்டியது ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். நீண்டநேர நிஃபெடிபினை நசுக்கி, இன்னொரு ரத்த அழுத்த மருந்தோடு குழாய் வழியே கொடுத்ததில் ஒரு நோயாளி இறந்துபோனது 2003-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல், எக்ஸ்ஆர், எஸ்ஆர், எம்ஆர், சிஆர் போன்ற எழுத்துகள் இருந்தால் நசுக்காதீர்கள். எழுத்து இல்லை என்பதற்காகவும் நசுக்கிவிடாதீர்கள், சில அட்டைகளில் போடுவதில்லை.

இசி என்று போட்டிருந்தால் குடலில் போய்க் கரைய வேண்டிய பூச்சு இருக்கிறது என்று பொருள். ஆஸ்பிரினில் அது வயிற்றைக் காக்கிறது, ஒமெப்ரசோல் வகையைச் சேர்ந்த பேன்டோபிரசோலில் மருந்தைக் காக்கிறது. எலும்புக்கு வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட் நசுங்கி வாயில் பட்டால் புண்ணாக்கும். மூட்டுவாதத்துக்கும் தரும் மெதோட்ரெக்சேட், புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றின் தூள், நசுக்குபவரின் கைக்கும் மூச்சுக்கும் கெடுதல். ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு உடைந்திருந்தால் அந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடவே கூடாது. மாமனாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் மருமகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நசுக்கினால் அதிகமாகிவிடும் என்பதுதான் பொதுவான பயம். குறைந்தும் போகலாம். எச்ஐவிக்கான லோபினாவிர்-ரிடோனாவிர் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு நசுக்கிக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த லோபினாவிர் 45 விழுக்காடு குறைந்தது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதி மருந்து போனால் கிருமி பழகிக்கொள்ளும். டர்பன் இருக்கும் எங்கள் குவாசுலு-நட்டால் போல எச்ஐவியும் காசநோயும் பரவலாக உள்ள மாகாணத்தில் இது பெரிய விஷயம். காசநோய்க்கு நான்கு மருந்தை ஒன்றாக்கிய மாத்திரை வந்தது நல்லது, ஆனால் அது பெரிய மாத்திரை. எடைக்கு ஏற்றபடி தினமும் இரண்டிலிருந்து ஐந்து வரை விழுங்க வேண்டும். குழந்தைகளுக்கு மட்டும் 2015 டிசம்பரில், தண்ணீரில் கரையும், பழச்சுவை உள்ள காசநோய் மாத்திரைகள் அறிமுகமாயின. அதற்கு முன் பெரியவர்களின் மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுத்துவந்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாறு வயதுக்கு மேல் பலருக்கு விழுங்கப் பழக்கலாம். காய்ச்சல் இல்லாத நல்ல நாளில், பெரியவர் பக்கத்தில் இருக்க, கேக் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணியில் ஒன்றில் தொடங்கி, தினம் கொஞ்சம் பெரியதாக. முடியவில்லை என்றால் முந்தைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆனால் மருந்தை "மிட்டாய்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள், நாளை அவர்களே டப்பாவைத் திறப்பார்கள்.

எதோடு கொடுப்பது

தண்ணீரோடு இறங்காதது கெட்டியான ஒன்றோடு சில நேரம் சுலபமாக இறங்கும். ஆடியில் மாரியம்மனுக்கு வார்க்கும் கூழ் பதத்தில் ஒரு கரண்டி, அதன் நடுவில் முழு மாத்திரை. கஸ்டர்டும் பிசைந்த வாழைப்பழமும்கூட உதவும். நாக்குக்கு அது சாப்பாடு போலவே தெரிவதால் எதிர்ப்பு குறைகிறது. எங்கள் வீட்டில் ரத்த அழுத்த மாத்திரைக்குக் கூழ்தான் கைகொடுத்தது. கலந்தால் ஒரு கரண்டியில் மட்டும் கலக்க வேண்டும். கிண்ணம் முழுக்கக் கலந்து பாதியில் போதும் என்று வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கொடுக்க முடியாது. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பால், தயிர், மாஸ் (இங்கே குடிக்கும் புளித்த பால்) ஆகியவற்றில் உள்ள கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடுதான். தண்ணீரில் பொங்கிக் கரையும் மாத்திரை நல்ல மாற்றாகத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட சில பாராசிட்டமால் மாத்திரைகளில் ஒன்றுக்கே ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 2000 மில்லிகிராம். ரத்த அழுத்தக்காரர் தினமும் ஆறு மாத்திரை கரைத்துக் குடித்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

தண்ணீரே இல்லாமல் விழுங்குவதும், படுத்தபடி விழுங்குவதும் வேறு தொல்லை. மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின், அலென்ட்ரோனேட், பொட்டாசியம், இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரைகள் இதில் பேர்போனவை. ஒரு முழு டம்ளர் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருவது போதும். விழுங்கினால் நெஞ்சில் கடும் வலி என்றால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

கெமிஸ்ட்டில் என்ன கேட்கலாம்

ஒரே மருந்தை ஒரு நிறுவனம் நீளமாகவும் இன்னொன்று சின்னதாகவும், வழுவழுப்பான பூச்சோடும் செய்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் தந்த வழிகாட்டுதலில், ஜெனரிக் மாத்திரையின் (அதே மருந்தை வேறு நிறுவனம் செய்வது) நீளம் 22 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருக்கப் பரிந்துரைத்தது. மாத்திரையின் உருவமும் சிகிச்சையைப் பாதிக்கும் என்பதை ஒப்புக்கொண்ட வழிகாட்டுதல் அது. தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, எழுதிய மருந்துக்கு ஜெனரிக் மாற்று இருந்தால் ஃபார்மசிஸ்ட் அதைச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு நடக்கும்போதே "இதில் சின்னதாக எது வருகிறது? பாதியாக உடைக்கலாமா? திரவமாகக் கிடைக்குமா?" என்று கேட்டுவிடலாம். ஆயாவுக்கு 850 மில்லிகிராம் மெட்ஃபார்மினுக்குப் பதில் 500 மில்லிகிராம் சின்ன மாத்திரையாக மாற்றி எழுதித் தந்தார்கள். ஒரு கேள்வி கேட்டதற்குக் கிடைத்த பலன் அது. இத்தனை மாத்திரையும் இன்னமும் தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்கலாம். சில சமயம் ஒன்றிரண்டு குறையும்.

நிலையான நோய்களுக்கு மருந்துப் பொட்டலத்தை அருகிலேயே வாங்கிக்கொள்ளும் "டப்லாப் மெட்ஸ்" ஏற்பாடு பெரிய நிம்மதி, பொழுது விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பொட்டலத்தை மட்டும் வாங்கி வரும்போது இந்தக் கேள்விகளைக் கேட்கும் நேரமும் போய்விடுகிறது. அடுத்த பரிசோதனை நாளுக்கு எழுதி எடுத்துப் போங்கள். தமிழ் மட்டும் நன்றாகப் பேசும் பெரியவர்கள் நம்மிடம் குறைந்துகொண்டே வந்தாலும் இருக்கிறார்கள். இந்நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதிப்பு உறுதிசெய்யப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் தமிழ் இல்லை. பேரப்பிள்ளைகள் படித்துச் சொன்னால்தான் உண்டு.

கடைசியாக ஒன்று, எங்களுக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாத்திரை ஒழுங்காக இறங்கத் தொடங்கும் வாரம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய வாரம். முந்தானைக்குப் போன நாட்களில் கூட்டப்பட்ட அளவு இப்போது முழுவதுமாக உடலுக்குள் போகிறது. கிளிக்லசைடு போன்ற மாத்திரை சேர்ந்திருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு, காரணமில்லாத கோபம் எல்லாம் அதன் அடையாளங்கள். ரத்த அழுத்த மாத்திரை என்றால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். அதனால், இதுவரை எத்தனை மாத்திரை உள்ளே போகவில்லை என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நாங்கள் முந்தானையில் கிடைத்த மூன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போனோம். மருத்துவர் ஆயாவைத் திட்டவில்லை. போன மாதம் சேர்த்த மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் காலையும் மாலையும் சர்க்கரையைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.